குடத்தை வைக்கப் போறேன், மாமா

நம்மை ஒத்த வயதுக்காரர்களுக்குச் சீனச் சண்டை என்றால் முதலில் உண்டியல்தான் நினைவுக்கு வரும். தகர டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் வண்ணக் காகிதம் ஒட்டி, அதைக் குலுக்கிக்கொண்டு ரதவீதிகளில் வரிசையாகப் போனோமே, மறந்திருக்க மாட்டீர்கள். முன்னால் போகிற டீச்சர் பாட்டை எடுத்துக்கொடுப்பார். பின்னால் நாம் தொண்டை கிழியக் கத்துவோம். பெரிய வீட்டுப் பெண்கள் காதிலிருந்து கம்மலைக் கழற்றிப் போட்டதை நாம் வாய் பிளந்து பார்த்தோம். கம்பளி நூலைக் கண்ணால் கண்டிராத தென்காசியில் பெண்கள் கூடி உட்கார்ந்து பட்டாளத்துக்கு மப்ளர் பின்னக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அம்மா பின்னியது ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் வந்தது. "எந்தக் கழுத்துக்கு ஆகப்போகுதோ" என்று சொல்லிக்கொண்டே அதையும் கொடுத்தனுப்பினாள்.

அதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சண்டை முடிந்து சில மாதங்களில் ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அவருக்கு உண்டியலாலும் மப்ளராலும் ஆகக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு என்னதான் வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சாரல் காலம் பிடித்தது. போன மாதம் நாம் கூடியிருந்தபோது டெலிவிஷனில் எங்கோ ஓர் ஊரில் குண்டு விழுவதைக் காட்டினார்கள். "இங்க இருந்துக்கிட்டு நாம என்ன செய்ய முடியும்?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு அத்தை நினைவு வந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமா பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்விட்டதால், எங்களோடுதான் இருந்தாள். மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை. விடுமுறையில் வரும்போது அவர் கொண்டுவரும் பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்தால் பூட்ஸ் பாலிஷும் நாப்தலின் உருண்டையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். வேறு எந்த வீட்டிலும் அந்த வாசனை கிடையாது. எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடுவார். சிரித்தால் பக்கத்து வீட்டுக் கோழி பறக்கும். அப்படிப்பட்ட ஆள்.

சண்டை நடந்தபோது வெகு நாட்கள் அவரைப் பற்றித் தகவலே இல்லை. பிறகு உயிரோடு இருக்கிறார், வடக்கே ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்தது. அதற்கப்புறம் உடம்பில் காயம் ஒன்றும் இல்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது.

ஸ்டேஷனுக்குத் தெருவே போனது. எதிர்வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். நல்ல மனிதர், ஊர்க் காரியம் என்றால் முன்னால் நிற்பவர். அவர்தான் மேளம் ஏற்பாடு செய்திருந்தார். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறவரையும் கூட்டி வந்து, பிளாட்பாரத்தை ஒட்டிய வேலிக்கு வெளியே இரும்புக் குழாய்களை வரிசையாக ஊன்றவைத்திருந்தார். மாலை என் கையில். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, மருமகள் முறை வேறு, அதனால் என்னை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

மாமா இறங்கினார். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். குனிந்து தலையைக் கொடுத்தார். நான் மாலையைத் தூக்கினேன். அப்போது முதல் வேட்டு வெடித்தது.

அடுத்து நான் தரையில் கிடந்தேன். முழங்கால் சிராய்த்து எரிந்தது. என்மேல் மாமா கவிழ்ந்து கிடந்தார். என் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடியிருந்தார். அவர் நெஞ்சு அடிக்கிற அடி என் முதுகில் விழுந்தது. இன்னொரு வேட்டு. இன்னும் இறுக்கிப் பிடித்தார். மல்லிகைப் பூவெல்லாம் என் வாய்க்குள்.

மேலே குமாஸ்தாவின் குரல் கேட்டது. "பாருங்கவே! தாய்மண்ணக் கும்புடுதாரு!"

கூட்டம் கைதட்டியது. நிஜமாகத்தான் சொல்கிறேன். எல்லாரும் கைதட்டினார்கள், எங்கள் அப்பா உட்பட. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேட்டுக்காரர் உற்சாகத்தில் மிச்சத்தையும் போட்டுத் தீர்த்தார்.

மாமா எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தது நானும் அத்தையும் மட்டும்தான். அத்தை தன் முந்தானையால் அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்த மாமா அரங்குவீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத, நெல்லும் புளியும் போட்டுவைக்கிற உள்ளறை அது. பகலெல்லாம் அங்கேதான். தெருவில் லாரி ஒன்று டுப்பென்று புகை விட்டால் நெல் குதிருக்குப் பின்னால் போய்விடுவார். சமையல்கட்டில் மூடி விழுந்தால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும், அப்புறம் அந்தச் சோறு இறங்காது. அதைவிட மோசம் பார்க்க வருகிறவர்கள். வாழைப்பழச் சீப்போடு வந்து உட்கார்ந்து, "பனியில கால் புதையுமாமே? எத்தன பேரச் சுட்டீய?" என்று கேட்பார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே போகும்போது, "ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாரு" என்று அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்பாவுக்கு ரதவீதியில் பாத்திரக் கடை. சும்மா இருப்பதால்தான் இப்படி, ஒரு வேலையில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் கூட்டிக்கொண்டு போனது பாத்திரக் கடைக்கு. அண்டாவும் குத்துப்போணியும் ஒன்றோடொன்று மோதுகிற இடம். கடைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நெளிசல் எடுப்பதற்குச் சுத்தியலால் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார். மாமா மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். எப்படி வந்தார், எந்தத் தெரு வழியாக வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலில் செருப்பு இல்லை.

அதற்குள் சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் சீசன். கோயில் வாசலில், அப்போது இரண்டாகப் பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே, குடை பிடித்தால் குடையோடு ஆளையும் தூக்குகிற காற்று. சித்தம் கலங்கியவர்களைப் பேரருவியில் கொண்டு நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று அன்றைக்குப் பலருக்கும் நம்பிக்கை. குமாஸ்தா சொன்னார், அப்பாவும் சரி என்றார். "ஒரு மண்டலம் தலையில தண்ணி விழட்டும். உள்ள இருக்கிற சூடெல்லாம் எறங்கிரும்."

அத்தைக்கு மனசில்லை. ஆனால் அவளிடம் வேறு யோசனையும் இல்லை.

சனிக்கிழமை போனோம். அப்பா, குமாஸ்தா, கடையில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர், மாமா, அத்தை, நான். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே இரைச்சல் கேட்டது. உங்களுக்கும் எனக்கும் அது சந்தோஷமான சத்தம். எண்ணெய் வாசனை, ஈரத் துண்டு, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, எல்லாம் அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் நமக்கு ஞாபகம். மாமாவுக்கு நடை தளர்ந்தது. அப்பா தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். தலையில் எண்ணெய் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆண்கள் குளிக்கிற பக்கம் அருவிக்குள் கொண்டுபோனார்கள். அத்தையும் நானும் பாறை ஓரமாக நின்றோம்.

தண்ணீருக்குள் அவர்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள். திடீரென்று மாமா திமிறினார். மூட்டை தூக்குகிறவராலேயே பிடிக்க முடியவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார். பாறையோடு பாறையாக ஒடுங்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். பெயர்கள். நாங்கள் கேட்டிராத பெயர்கள், வடக்கத்தியப் பெயர்கள், நடுவில் நம்மூர்ப் பெயர் ஒன்று. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் நிறுத்துவார். பிறகு அடுத்த பெயர். குளித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். "பேய் எறங்குது, இன்னும் செத்த நேரம் புடிங்க" என்று ஒருவர் சொன்னார். அப்பா பிடித்தார்.

அத்தை என் கையை விட்டாள். ஆண்கள் பக்கத்துக்குள் நேராக நடந்து போனாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், சேலையோடு, அருவிக்குள்ளேயே போய்விட்டாள். அந்தக் காலத்தில் அது என்ன காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் கையைப் பிடித்து விலக்கினாள்.

"கைய எடு அண்ணே."

"ஏட்டி, நீ எதுக்கு இங்கன வந்த? நல்லதுக்குத்தான..."

"எடுன்னு சொல்லுதேன்லா. எடு."

அப்பா எடுத்துவிட்டார். தங்கை அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பஸ் ஹாரன் அடிக்கும் என்று அத்தை நடந்தே போகலாம் என்றாள். ஈரத்தோடு மூன்று மைல் சொச்சம் நடந்தோம். அப்பாவும் மற்றவர்களும் வெகுவாகப் பின்தங்கி வந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் கூடாரம் போல மூடியிருந்த காலம். இலையிலிருந்து சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு இல்லை. மாமாவுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம்.

அத்தை கேட்டாள். "நாங்க எங்களுக்குத் தோணினதையெல்லாம் செஞ்சு பாத்துட்டோம். ஒங்களுக்கு என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, எப்போது சரியாகும் என்று கேட்டவர்கள் உண்டு. என்ன செய்யணும் என்று கேட்டது அத்தைதான்.

மாமா ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு, "சத்தம் வரட்டும்" என்றார். "வரப்போகுதுன்னு முன்னாடி தெரிஞ்சாப் போதும். தெரியாம வருததுதான்..."

"தெரிஞ்சா தாங்கிக்கிடுவியளா?"

"தாங்கிக்கிடுவேன்."

"அம்புட்டுத்தான?" என்று அத்தை எழுந்தாள். "இது பெரிய காரியமா?"

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் வந்துவிட்டது. சத்தம் வருகிற எந்தக் காரியத்தையும் சொல்லிவிட்டுத்தான் செய்யணும். எங்களுக்கு முதலில் சிரிப்பாக வந்தது. தண்ணீர் எடுத்து வந்தால் வாசலிலேயே நின்று, "குடத்தை வைக்கப் போறேன், மாமா" என்று சொல்லணும். பிறகு வைக்கணும். அம்மா மிளகாய் இடிப்பதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்வாள், "தம்பி, உலக்க போடப் போறேன்." அப்பாவுக்குத்தான் கஷ்டம். அருவியிலிருந்து வந்தபிறகு அவர் மாமாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் பூனை மாதிரி கதவைத் திறந்து மூடினார். பிறகு ஒருநாள் கடையிலிருந்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ள, கதவச் சாத்துதேன்" என்றார். உள்ளேயிருந்து, "சாத்துங்க மச்சான்" என்று பதில் வந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் கடையிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து சமையல்கட்டில் பாத்திரம் வைக்கிற பலகையிலெல்லாம் விரித்தார்.

தெருவுக்கும் அது பரவியது. யாரும் போய்ச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற தயிர்க்காரி, வண்ணான், எண்ணெய்க்காரர் எல்லாரும் எங்களைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நம்முடைய போல்ட்டு வெடி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு போல்ட்டுகளை ஒரு நட்டில் எதிரெதிராகத் திருகி, நடுவில் பொட்டு வெடி மருந்தை அடைத்து, மேலே தூக்கிப் போட்டால் விழுந்து வெடிக்குமே, அது. குமாஸ்தாவின் மகனுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. என் வயதுதான் அவனுக்கும். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"மாமா! நா வெடி போடப் போறேன்!"

நாங்கள் பதறிப்போனோம். அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். அரங்குவீட்டிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எத்தன?"

"ஒண்ணே ஒண்ணு!"

"போடுலே."

டப்பென்று வெடித்தது. அத்தை ஓடிப்போய் உள்ளே பார்த்தாள். மாமா இரண்டு முழங்கால்களையும் கைகளால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்திருந்தது. ஆனால் குதிருக்குப் பின்னால் போகவில்லை. "பயல மருந்து கம்மியா அடைக்கச் சொல்லு" என்றார்.

ஆவணி வாக்கில் அப்பா தெரிந்த ஒருவருடைய வெற்றிலைக் கொடிக்காலில் அவருக்கு வேலை கேட்டு வாங்கினார். இந்தத் தடவை முதலில் மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகத்தி மரங்களின் நிழல், குளிர்ச்சி, ஈர மண், கொடியைக் கட்டுகிற நார். உள்ளே சத்தம் போடுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. காலையில் போய் வெற்றிலை கிள்ளி, தண்ணீர் விட்டு, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். கையெல்லாம் பச்சை வாசனை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி வந்துகொண்டிருந்தது.

அத்தை தூக்கம் கெட்டாள். ஒன்றிரண்டு வெடி என்றால் சொல்லிவிட்டுப் போடலாம். சரவெடிக்கு எப்படிச் சொல்வது? தெருவே ஒரே நேரத்தில் வெடிக்கும். அன்று ஒருநாள் வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று அம்மா சொன்னாள். தீபாவளி இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

"நா வீடு வீடாப் போயிக் கேக்கப் போறேன் மதினி" என்றாள் அத்தை.

"என்னன்னு கேப்ப? தீவாளிக்கு வெடி போடாதிய, அப்படின்னா?"

"ஆமா."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, இரு. தலைய வாரிக்கிட்டு வாரேன்."

இரண்டு பேரும் போனார்கள், நானும் பின்னாலேயே. சில வீடுகளில் உடனே சரி என்றார்கள். ஒரு ஆசாரி வீட்டில், "கேக்கவே வேண்டாம்மா, இதுக்கு நீங்க வரணுமா?" என்றார்கள். சில வீடுகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இழுத்தார்கள். ஒரு கிறிஸ்தவ டீச்சர், "எங்க வீட்டுல கிறிஸ்மசுக்குத்தான் வெடி. அன்னைக்கும் போட மாட்டோம்" என்றார். ஒரு வீட்டில் மட்டும், "பைத்தியத்துக்குப் பயந்து ஊரு பண்டிகைய விடுமா?" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னது கேட்டது. அத்தை கேட்காத மாதிரி நின்று, வெளியே வந்தவரிடம் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

கடைசியில் குமாஸ்தா வீடு. அவர் மூத்த மகளுக்கு அந்த வருஷம் தலைதீபாவளி. சிவகாசியிலிருந்து கள்ளிப்பெட்டி நிறைய வெடி வந்து இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வீரகேரளம்புதூர்க்காரர், விவசாயக் குடும்பம். முந்தின நாளே வந்து உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஏம்மா, மாப்பிள்ள மொத தீவாளிக்கு வந்திருக்காரு. வாசல்ல ஒரு சரம்கூட வெடிக்கலன்னா சம்பந்திக என்ன நெனப்பாவ? நாங்க ஒண்ணும் செய்யாதவங்க கெடையாது. சண்டைக்கு எங்க வீட்டுலேருந்து தங்கம் குடுத்திருக்கோம். ஸ்டேஷனுக்கு மேளம் வச்சது யாரு?"

"தங்கம் வேண்டாம் அண்ணாச்சி. மேளமும் வேண்டாம்" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "ஒரு காலம்பற சத்தம் போடாம இருங்க. அதத்தான் கேட்டு வந்திருக்கேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுப்பாகச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீசை அப்போதுதான் அடர்ந்து வந்த வயது.

"மாமா, நா ஒண்ணு சொல்லட்டா? எங்க அண்ணனும் பட்டாளத்துலதான் இருக்கான். லீவுல வந்தா தூக்கத்துல எந்திரிச்சு நிப்பான். நாங்க கேலி பண்ணுவோம்." கள்ளிப்பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "வெடிய வாசல்லதான் வெடிக்கணுமா? ஒரு வண்டி கட்டுங்க. எலத்தூர் போற வழியில கொளத்தங்கரை இருக்குல்லா? அங்கன போயி வெடிச்சுக்கிடுதோம். தெருப் பிள்ளைகளையும் ஏத்திக்கிடலாம்."

மாப்பிள்ளை சொல்லிவிட்டால் அப்புறம் மாமனார் என்ன சொல்வது?

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வண்டி நிறையப் பிள்ளைகளும் கள்ளிப்பெட்டியுமாகக் கிளம்பினார்கள். வண்டிக்கு முன்னால் புது வேட்டியில் மாப்பிள்ளை நடந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பார்த்தால் வாசலில் வெடிப்பதைவிட அதுதான் பெரிய பண்டிகையாகத் தெரிந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அத்தையோடு இருந்தேன். மாமாவிடம் அத்தை முன்னாலேயே எல்லாம் சொல்லியிருந்தாள். மற்றத் தெருக்களில் வெடிக்கும், அது தூரம். விடிந்த பிறகு குளத்தங்கரையில் வெடிப்பார்கள், அது இந்தப் பக்கம். கையை நீட்டித் திசையெல்லாம் காட்டிவிட்டாள்.

தூரத்தில் கடமுடவென்று கேட்டது. மாமா அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் கை மணையை இறுக்கிப் பிடித்தது. "இது மேற்கே" என்பார். "இது கொளத்தங்கர." அம்மா சுசியத்தைத் தட்டில் வைத்தாள். அவர் முதல் கடி கடிக்கிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடித்தார். இன்னொன்று கேட்டார்.

பிறகு எழுந்தார். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவில் ஒரு பிள்ளை இல்லை. கோலம் அழியாமல் கிடந்தது. அவர் நேரே எதிர்வீட்டுக்கு நடந்து போய் வாசலில் நின்றார். கொடிக்காலைத் தவிர அவர் தானாகப் போன முதல் இடம் அது. குமாஸ்தா வெளியே வந்தார்.

"தலைதீவாளி வீட்டுல சத்தமில்லாம ஆக்கிட்டேன் அண்ணாச்சி" என்றார் மாமா.

குமாஸ்தா அவர் கையைப் பிடித்தார். "தம்பி, அன்னைக்கி ஸ்டேஷன்ல..." என்று தொடங்கினார். உள்ளே பார்த்து, "ஏளா, தம்பிக்குக் காப்பி கொண்டா" என்று சத்தமாகக் கூப்பிட்டார். உடனே பதறிப்போய் வாயை மூடிக்கொண்டார். மாமா சிரித்துவிட்டார். கோழி பறக்கிற சிரிப்பாக அது வரவில்லை. அந்தச் சிரிப்பு பிறகும் திரும்பவே இல்லை. மாமா முழுசாகச் சரியானார் என்று சொன்னால் அது பொய். ஆனால் கொடிக்காலுக்குப் போனார், வந்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், வெகுகாலம் இருந்தார். தெருவும் வருஷா வருஷம் குளத்தங்கரைக்கு வண்டி கட்டியது.

இன்னொன்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

அடுத்த சண்டை அறுபத்தைந்தில் வந்தது. அதில் பக்கத்து ஊரான பண்பொழிக்காரர் ஒருவர் இறந்துபோனார். சின்னப் பெண்சாதி, கைப்பிள்ளை. நமக்குச் சொந்தமில்லை, தெரிந்தவர்களும் இல்லை. செய்தி கேட்ட அன்றே அத்தை கிளம்பினாள். மாமாவும் கூட வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

வீடு நிறைய ஆட்கள். பழமும் மாலையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டார்கள். அவளும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். கண் செக்கச் செவேலென்று இருந்தது. தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அத்தை அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் காதோரம் குனிந்து கேட்டாள். "ஏட்டி, இப்பம் ஒனக்கு என்ன வேணும்?"

அவள் விளங்காத மாதிரி பார்த்தாள். அத்தை இன்னொரு தடவை கேட்டாள்.

"ஒறங்கணும் அக்கா" என்றாள் அந்தப் பெண். "சேதி வந்ததுலேருந்து ஒறங்கல."

அத்தை எழுந்தாள். பிள்ளையை வாங்கி என் இடுப்பில் வைத்தாள். உள்ளறையில் பாயை உதறிப் போட்டு அவளைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, அந்தக் கதவுக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாமா யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்து, அந்த வீட்டிலிருந்த காலிப் பானைகளையெல்லாம் நிரப்பத் தொடங்கினார்.

மாமியார்க்காரி தவித்தாள். "வந்தவுக கிட்ட மொகங் குடுக்காம படுத்துக்கிட்டான்னு ஊரு பேசுமேம்மா?"

"பேசட்டும்மா. நீங்களும் செத்த நேரம் படுங்க. ஒங்க மகன்லா அவரு."

அந்த அம்மாள் அதைக் கேட்டுத்தான் உடைந்து அழுதாள். பிறகு சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டாள்.

பிள்ளை பசித்துக் கத்தியது. அத்தை கூட்டத்தைப் பார்த்து, "கைப்பிள்ளக்காரி யாரும் இருக்கியளா?" என்றாள். துக்கம் கேட்க வந்த ஒருத்தி, இலத்தூர்க்காரியாம், தன் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு இதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி அடுப்பு அணைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கார் வந்தது. நாலைந்து பேர் பெரிய மாலையோடு இறங்கினார்கள். போட்டோ பிடிக்கிறவரும் வந்திருந்தார். "வீரரோட சம்சாரத்தப் பாக்கணும். நாங்க செங்கோட்டையிலேருந்து வாரோம்."

"அவ ஒறங்குதா" என்றாள் அத்தை.

"ஒரு நிமிஷந்தாம்மா. மாலைய மட்டும்..."

"மாலைய அங்கன வைங்க. அடுப்புக்கு வெறகு இல்ல. கொல்லையில பொளக்காம கெடக்கு. கோடாலி செவுத்துல சாத்தியிருக்கு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போட்டோ பிடிக்கிறவர்தான் முதலில் கேமராப் பெட்டியைக் கீழே வைத்தார். பின்னாலேயே இன்னொருவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

ஊரை ஒட்டிய திருமலைக் குன்றுக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து லேசாகக் குறட்டை கேட்டது. அத்தை கதவில் முதுகைச் சாய்த்து, கால்கள் இரண்டையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.